கணுக்கால் மேயர்

உலகத்தில் எத்தனையோ மேயர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், பதவிக்காலம் முழுக்க எல்லாருடைய காலையும் பார்த்தே ஒரு மாநகராட்சியை நடத்திக் காட்டிய மேயர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர். எந்த ஊர் என்று கேட்டால், ஒருபக்கம் துறைமுகம், ஒருபக்கம் உப்பளம், நடுவில் பேக்கரிக்குப் பேக்கரி மக்ரூன் விற்கும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் வீட்டுக்கு ஆட்டோ வரும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பதவியேற்பு அழைப்பிதழில் அதை அச்சடித்தபோது, "யாருல இது புதுசா?" என்று அவருடைய சொந்தத் தெருக்காரர்களே கேட்டார்கள். ஊருக்கு அவர் கணுக்கால் அண்ணாச்சி.

காரணம் கபடி. எதிரணி ஆள் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி வருவான். யாரையாவது தொட்டுவிட்டுத் தன் பக்கம் ஓடப் பார்ப்பான். அவன் திரும்புகிற நொடியில் இடது மூலையிலிருந்து பாய்ந்து கணுக்காலைக் கவ்வி நிறுத்துவது அண்ணாச்சியின் தொழில். தொழில் என்று சும்மா சொல்லவில்லை. வடக்கே பல ஊர் அணிகளுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர். தான் பிடித்த கணுக்கால்களை வரிசையாக வைத்தால் இங்கிருந்து ஓட்டப்பிடாரம் வரை போகும் என்பார். நான் அளந்து பார்க்கவில்லை.

முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டபிறகு ஊருக்கு வந்து, சுயேச்சையாக நின்று கவுன்சிலர் ஆனார். எங்கள் மாமன்றத்தில் அப்போது இரண்டு கோஷ்டிகள். நம் ஆள் மேயராக வேண்டும் என்பதைவிட எதிர்க்கோஷ்டி ஆள் வந்துவிடக் கூடாது என்பதில் இரண்டுக்கும் அக்கறை அதிகம். கடைசியில், 'பாவம், விளையாட்டுக்காரர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்' என்று இரண்டு கோஷ்டியும் சேர்ந்து அவருக்குக் கை தூக்கியது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஒற்றுமையாக இருந்ததற்காக அவர்கள் அப்புறம் ரொம்ப வருத்தப்பட்டார்கள்.

நான் அப்போது மேயரின் நேர்முக உதவியாளர். பல மேயர்களைப் பார்த்து நரைத்தவன். புதிதாக வருகிற எல்லா மேயர்களும் முதல்நாள் என்னை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். இவர் கீழே தொடங்கிக் கீழேயே முடித்தார்.

"நீ ஓடுத ஆளு இல்ல தம்பி. குதிங்கால நல்லா ஊனி நிக்க. இங்கனயே இரு" என்றார்.

அன்று காலையில்தான் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஏனோ, கேட்காமல் விட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, ஆளுக மூஞ்சியப் பாத்துப் பேசக்கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சி பொய் சொல்லும். வாயப் பத்திக் கேக்கவே வேண்டாம். காலுக்கு அந்த சாமர்த்தியம் கெடையாது. ஓடப்போறவன் பெருவெரலு, அவனுக்கு முன்னாலயே திரும்பிரும். எங்கிட்ட மனு கொடுக்க வாரான்லா, அவன் வெரலப் பாரு. காரியம் உண்மையின்னா என்னப் பாத்து நிக்கும். பொய்யின்னா வாசலப் பாத்து நிக்கும்."

முதல் மாமன்றக் கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. சிவப்பு அங்கியும் வெள்ளிச் சங்கிலியுமாக மேயர் நடந்துவர, பின்னால் மேயரின் ஏவலரான டபேதார் விறைப்பாக வந்துகொண்டிருந்தார். கூடத்து வாசலில் அண்ணாச்சி திடீரென்று குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். களத்தில் இறங்குமுன் செய்கிற பழக்கம். முன்னால் போன மேயரைத் திடீரென்று காணாத டபேதார், அவர் முதுகின் மேலாகக் கவிழ்ந்து, மேயருக்கு முன்பாகவே மன்றத்துக்குள் நுழைந்தார். கவுன்சிலர்கள் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் கவுன்சிலர்களின் மேஜைகளுக்கு முன்னால் அடித்திருந்த பலகைகளையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார். கால் தெரிய வேண்டுமாம். ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். டீச்சர் நாசரேத்துக்காரர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று எங்கள் ஊரில் குடியேறி, இரண்டு கோஷ்டிகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கி வந்தார். அவர் எழுந்தால், அவரிடம் படிக்காத கவுன்சிலர்களும் கையைக் கட்டிக்கொள்வார்கள்.

"மேயர் அவர்களே, இது மாமன்றமா, செருப்புக்கடையா?"

"டீச்சர், ஒங்க காலு ரெண்டும் நேராத்தான் இருக்கு. நீங்க எதுக்குப் பயப்படுதிய?"

டீச்சர் தன்னையறியாமல் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கோபம் அவருக்கு வருடக்கணக்கில் இருந்தது. மற்ற சில கவுன்சிலர்கள் அன்று முதல் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்காரத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவருகிற தீர்மானங்களை மட்டும் அண்ணாச்சி என்னிடம் தள்ளி, "இத நல்லா வாசிச்சுப் பாரு தம்பி" என்பார்.

பொறியாளர் ஒருவர் இருந்தார். சாலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவருக்கு ஃபோன் வரும். காதில் வைத்துக்கொண்டு, 'ஹலோ, சொல்லுங்க சார்' என்று பக்கத்துக் கதவு வழியாக நழுவிவிடுவார். ஒருநாள் அப்படி நழுவும்போது மேடையிலிருந்து சிவப்பாக ஒன்று பறந்தது. மறுநொடி பொறியாளர் குப்புறக் கிடந்தார். அவருடைய வலது கணுக்கால், மாநகரத்தின் முதல் குடிமகனுடைய இரண்டு கைகளுக்குள் இருந்தது.

"சார், விடுங்க சார்! முக்கியமான ஃபோன்!"

"ஃபோனுல வெளிச்சமே இல்ல வே. ரோட்டுக்குப் பதிலச் சொல்லிட்டுப் போவும்."

படுத்தபடியே பதில் சொன்னார். அந்தப் பதில் கூட்டக் குறிப்பில் இன்னும் இருக்கிறது. அதற்குப்பிறகு அதிகாரிகள் எல்லாரும் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார்கள் என்று ஊரில் சொல்வது மிகை. ஓரிருவர்தான் அப்படி வந்தார்கள்.

மற்றவர்களை மட்டும் இப்படிப் பாடாய்ப் படுத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை குடிநீர் லாரி ஓட்டுநர் ஒருவரை விஷயம் தெரியாமல் திட்டிவிட்டார். தப்பு தன்மேல்தான் என்று தெரிந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டாரா? அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய், வண்டிகள் நிறுத்துமிடத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன உக்காந்துட்டிய?"

"நான் அவுட்டு."

"அவுட்டா? எப்ப உள்ள வருவிய?"

"நம்ம டீமு ஒரு பாயிண்ட் எடுக்கட்டும். அப்பத்தான் வெளிய இருக்கவன் உள்ள வரமுடியும். கபடி பாத்ததே இல்லியா நீ?"

"நம்ம டீமுன்னா யாரு?"

"கவுன்சிலர்மாரு எல்லாரும்."

"ரெண்டு கோஷ்டியுமா?"

"பின்ன? சாக்கடை, கொசு, இருட்டு, இதெல்லாம்லா எதிர் டீமு. அது தெரியாமலா இவ்வளவு நாளும் ஆடிக்கிட்டுக் கெடக்காங்க?"

நான் அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். உள்ளே அவசரக் கோப்புகள் காத்திருந்தன. கடைசியில் ஒரு கவுன்சிலர், தன் கோப்பு நகர வேண்டுமே என்ற கவலையில் தலைதெறிக்க ஓடி, தன் வார்டில் மாதக்கணக்காக எரியாத தெருவிளக்கை எரியவைத்துவிட்டு வந்தார். "பாயிண்ட்!" என்று எழுந்தார் அண்ணாச்சி. வாசலைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே வந்து கையெழுத்துப் போட்டார்.

இது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. மேயர் பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கேயோ ஒரு குழாயில் தண்ணீர் வரும் என்று ஆகிவிட்டது. எங்கள் தெருவில் குழாய் உடைந்து கிடந்தபோது, இவர் ஏதாவது தப்புச் செய்யமாட்டாரா என்று நான்கூட அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் பிலோமி அக்கா வந்தார்.

பிலோமி அக்கா கடற்கரைப் பக்கத்துத் தாழ்வான தெருவில் வீட்டிலேயே மக்ரூன் சுடுகிறவர். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும் சேர்த்துச் சுடுகிற அந்தப் பண்டத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது. கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்கள்தான் அவருக்கு வருடத்துப் பிழைப்பு. அந்த வாரங்களில்தான் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனு நாளில் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணாச்சி அவர் காலைப் பார்த்துவிட்டார்.

"ஏளா, வெரலுக்கு எடையில என்ன இது?"

"சேத்துப்புண்ணு அண்ணாச்சி. மழ வந்தா எங்க தெருல எல்லாருக்கும் உண்டு. தண்ணிக்குள்ளயே நிக்கோம்லா. அதக்கூடப் பொறுத்துக்கிடலாம், சுட்டு வச்ச மக்ரூன் பூரா நமத்துப் போவுது."

அண்ணாச்சி வெகுநேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இந்த வருசம் ஒன் தெருல தண்ணி நிக்காது. நின்னா நான் அவுட்டு."

அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார். மற்ற மேயர்கள் சொல்லியிருந்தால் நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பேன். இவர் சொன்னால் சொன்னதுதான்.

வேலை மளமளவென்று நடந்தது. தெருவிலிருந்து கடல்வரைக்கும் போகிற ஓடையைத் தூர்வாரினார்கள். கடைசியில் ஓர் உப்பு குடோன் குறுக்கே நின்றது. குடோன் முதலாளி ஓடையின் வாயிலேயே மதில் எழுப்பி வைத்திருந்தார். நோட்டீஸ் கொடுக்கப் போனால் ஆள் மதுரையில். மதுரைக்கு ஃபோன் செய்தால் கொழும்பில். நாமாக இடித்தால் கோர்ட்டுக்குப் போவார், தீர்ப்பு வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். அவரே சம்மதித்தால்தான் உண்டு என்றார் ஆணையர்.

ஒருநாள் முதலாளி தானாகவே வந்தார், காலில் பெரிய கட்டோடு, நொண்டிக்கொண்டு. "நாளைக்கே மதில எடுத்திருதேன் அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

"எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாமே அண்ணாச்சி?"

"அடிபட்ட காலப் பிடிக்கிறது ஆட்டத்துல அழகில்ல தம்பி."

நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். அடிபட்ட கால் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டிக் காருக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

கார்த்திகை மழை பிடித்தது. மதில் நின்ற இடத்திலேயே நின்றது. பிலோமி அக்காவின் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். விடிந்ததும் அண்ணாச்சி அங்கியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா வீட்டு வாசலில் தண்ணீருக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பகல் முழுக்க அங்கேயே இருப்பார், மறுநாளும் வருவார்.

"கட்டுப்போட்ட கால நம்புனேன்லா. தப்பு எம்மேலதான். நான் அவுட்டு" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை மாமன்றக் கூட்டம். மேயர் நாற்காலி காலியாகக் கிடந்தால் அவரை நீக்கத் தீர்மானம் கொண்டுவருவது என்று டீச்சரின் கோஷ்டி முடிவு செய்திருந்தது. இவருடைய கோஷ்டி என்று ஒன்று இல்லாததால் காப்பாற்றவும் ஆளில்லை. அன்று காலையில் அவரிடம் போய்க் கெஞ்சினேன்.

"பதினோரு மணிக்கு ஒரு நிமிசம் வந்து உக்காந்துட்டுப் போங்க அண்ணாச்சி. இல்லாட்டி நாற்காலி போயிரும்."

"அவுட்டானவன் உள்ள வந்து நின்னா அது கள்ளாட்டம். அதுக்கு நாற்காலி போறது எவ்வளவோ மேலு."

அப்போது தெருமுனையில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஸ்டெல்லா டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். பின்னால் அவர் கோஷ்டி. டீச்சர் தன்னந்தனியாகத் தண்ணீரில் இறங்கினால் நன்றாக இருக்காதே என்று இன்னொரு கோஷ்டியும் வந்துவிட்டது.

"மேயர் அவர்களே, எழுந்திருங்க. ஆள் இல்லாத நாற்காலியக் கவுத்து ஜெயிக்கிறதுக்கு நான் அரசியலுக்கு வரல. வந்து உக்காருங்க. நேருக்கு நேரா நின்னு தோக்கடிக்கிறேன்."

அண்ணாச்சி டீச்சருக்குப் பின்னால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கோட்டுக்குள் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு ஓர் ஆள் சுவரோரமாகக் குடோன் பக்கம் போய்க்கொண்டிருந்தான். கலங்கல் தண்ணீரில் கால் தெரியவில்லை. ஆனாலும் அது எழுப்பிய அலை தெரிந்தது.

"ரெண்டு காலும் ஒரேமாதி அழுத்தமா ஊனுதான். இந்தக் காலுக்குத்தான் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்" என்று முணுமுணுத்தவர், தெருவே அதிரக் கத்தினார்: "ஏலே, அந்தா போறான் குடோன் முதலாளி!"

முதலாளி திரும்பி ஓடினார். ஓடிய வழி, அண்ணாச்சியின் நாற்காலியை உரசிக்கொண்டு போகிற வழி. கைக்கெட்டும் தூரத்தில் வந்தது அந்தக் கணுக்கால். அண்ணாச்சியின் கை தானாக நீண்டது. நீண்ட கையை அவர் படக்கென்று இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பிடிங்க அண்ணாச்சி!" என்று அலறினேன்.

"நான் அவுட்டுலா!" என்று அழாத குறையாகச் சொன்னார்.

அடுத்து நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், இல்லாவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். டீச்சர் குடையை வீசினார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்தார். 'ஆண்டவரே' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தார். முதலாளி தொபுக்கென்று விழுந்தார்.

"டீச்சர், விடாதிய! கணுக்கால ரெண்டு கையாலயும் கோத்துப் பிடிங்க! தலையக் கீழ வையிங்க! ஏலே, ஏம்ல பாத்துக்கிட்டு நிக்கிய? கையக் கோருங்க, சுத்தி வளையுங்க!"

நாற்காலியில் கைகளின்மேல் உட்கார்ந்தபடி அண்ணாச்சி கத்த, ஒருவருக்கொருவர் முகம்கொடுத்துப் பேசாத இரண்டு கோஷ்டிக்காரர்களும் கை கோத்துச் சங்கிலியாக முதலாளியைச் சுற்றி வளைத்தார்கள். முதலாளி தன் மதில் தேக்கி வைத்த தண்ணீரிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பிலோமி அக்காதான் துண்டு கொடுத்து உள்ளே கூட்டிப்போனார். உள்ளே செங்கல் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்திருந்த அடுப்பையும், குழைந்துபோன மக்ரூன் தட்டுகளையும் முதலாளி பார்த்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஜேசிபியக் கூப்பிடுங்க" என்றார்.

மதிலில் வாய் திறந்தது. ஓடைத் தண்ணீர் கடலைப் பார்த்து ஓடியது. டீச்சர் சேலையைப் பிழிந்துகொண்டே, "நான் ஒண்ணும் பாயல, வழுக்கித்தான் விழுந்தேன்" என்று எல்லாரிடமும் தனித்தனியாகச் சொன்னார். "இந்த வயசுல இப்படி ஒரு இடது மூலைய நான் பாத்ததில்ல" என்றார் அண்ணாச்சி. மன்றக் கூடத்தில் அன்று பதினோரு மணிக்குத் துணை மேயரும் மின்விசிறியும் மட்டும்தான் இருந்தார்களாம். தீர்மானம் கொண்டுவர ஆளில்லை.

"பாயிண்ட் வந்துட்டுல்லா, எந்திரிங்க" என்றேன்.

"முழுசா வடியட்டும்."

சாயந்திரம் தண்ணீர் வடிந்து தரை தெரிந்தது. அண்ணாச்சியின் கால்களும் வெளியே வந்தன. அவரோடு இருந்து இருந்து எனக்கும் கால் பார்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததால், என் கண் நேராக அங்கேதான் போனது. விரல்களுக்கு நடுவில் தோல் வெளுத்துப் பிளந்து, ரத்தம் கசிந்து கிடந்தது. சேற்றுப்புண். நான் பார்த்ததைப் பார்த்து, காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பிலோமி அக்கா அலுவலகத்துக்கு மக்ரூன் கொண்டுவந்தார். கடித்தால் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. அண்ணாச்சி முதல் மக்ரூனை எடுத்துக்கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார். "பாயிண்ட் எடுத்தது நீங்கதான்." டீச்சர் அதை வாங்கிக்கொண்டு, "மேஜைக்கு முன்னால பலகைய எப்ப திரும்ப அடிப்பிய?" என்று கேட்டார்.

அடுத்த முறை மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. டீச்சர் மேயரானார். பலகைகளை இன்றுவரை அடிக்கவில்லை. அண்ணாச்சி இப்போது காலையில் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறார். வழியில் பார்த்தால், என் செருப்பைப் பார்த்துத்தான் "நல்லாருக்கியா தம்பி" என்கிறார்.

அவர் பதவியின் கடைசி நாள். அங்கியை மடித்து என் மேஜையில் வைத்தார். சங்கிலியை அதன்மேல் வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசலில் குனிந்து தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். "வாரேன் தம்பி" என்று படியிறங்கினார். முகம் சிரித்தபடிதான் இருந்தது. நான் காலைப் பார்த்தேன். உடம்பு படியிறங்கிக்கொண்டிருக்க, பெருவிரல்கள் இரண்டும் திரும்பி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு மட்டும் அந்தக் கணுக்கால் பிடி தெரிந்திருந்தால், அன்றைக்கு அவரை நான் விட்டிருக்கமாட்டேன்.